வெந்தயம் வைத்த வாழைப்பழம்

எனக்கு வலிக்கிறது என்று சொன்னதும் கண்ணை மூடி "ஸ்தோத்திரம்" என்று சொன்ன ஒரே ஆள் இந்த உலகத்தில் எங்கள் மதினிதான். ஆஸ்பத்திரி வார்டில் அடுத்த கட்டிலில் இருந்த அம்மாள் அன்றைக்கு எங்களைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. இப்படி ஒரு நாத்தனாரா என்று அவர் மனசுக்குள் நினைத்திருப்பார். முழுக் கதையையும் கேட்டால் அவரும் சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்லியிருப்பார்.

சபையில் பார்க்கிற பெண்கள், கடைக்கு வருகிற வியாபாரிகளின் வீட்டுப் பெண்கள் எல்லாரும், "ஏதோ மாத்திரையில உங்களுக்குச் சொகமாயிருச்சாமே" என்று கேட்கிறார்கள். சுகமாகிவிடவில்லை. கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் ஒரே தடவையாக எழுதி வைத்துவிடுகிறேன்.

தேனி கடைவீதியில் எங்கள் வீட்டுக்காரருக்குக் கமிஷன் கடை. பருத்தி, நிலக்கடலை, மிளகாய் வற்றல். கடைக்குப் பின்கட்டில் வீடு. பிள்ளைகள் இருவரும் வெளியூரில் வேலையில் இருக்கிறார்கள். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பேச்சில் கொஞ்சம் காரம் உண்டு. கல்யாணமாகி வந்ததிலிருந்து மிளகாய் மூட்டைக்குப் பக்கத்திலேயே படுத்து எழுந்ததால் வந்த காரம் என்பார் அவர். அவர் பேச்சில் காரமும் கிடையாது, உப்பும் கிடையாது. பேச்சே கிடையாது.

முதலில் இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. மதுரைக்குப் போய் அறுவை செய்து, மார்பையே எடுத்துவிட்டார்கள். அது ஒரு தனிக் கதை, இங்கே வேண்டாம். "எல்லாம் எடுத்தாச்சு, நிம்மதியா இருங்க" என்று அனுப்பினார்கள். நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன். மூன்று வருஷம் கழித்து இடது இடுப்பில் ஒரு வலி ஆரம்பித்தது. முதலில் வாயு என்றோம். பிறகு மூட்டை நகர்த்தியதால் பிடித்துக்கொண்டது என்றோம். தைலம் தேய்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. தேனியிலேயே எக்ஸ்ரே எடுத்த டாக்டர், படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் முகம் படிக்கத் தெரியும். அவர் எக்ஸ்ரே உறையை வாங்கிய விதத்திலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

மறுபடியும் மதுரை. அந்த ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் கூடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீள நீளமான பெஞ்சுகள். ஒவ்வொருவர் மடியிலும் ஓர் எக்ஸ்ரே உறை. கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், பக்கத்தில் இருப்பவர் தன் படத்தை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துக் காட்டுவார். நாமும் நம்முடையதைக் காட்ட வேண்டும். கல்யாண ஆல்பம் பார்ப்பது போல ஆளாளுக்கு வாங்கிப் பார்த்து, "இந்தா, இங்கன வெள்ளையாத் தெரியுது பாருங்க" என்று சொல்லிக் கொடுப்பார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனாலும் அப்படிக் காட்டிக்கொண்டபோது பயம் கொஞ்சம் குறைந்தது.

டாக்டரம்மா மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், நடுநடுவே மலையாளம் வந்து விழும். எங்கள் பக்கத்தில் அது யாருக்கும் புரியாத பாஷை இல்லை. படத்தைப் பார்த்துவிட்டு அவரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தே பேச ஆரம்பித்தார்.

"டாக்டரம்மா, இடுப்பு என்னோடது. என்னையப் பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். அதிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மார்பை எடுப்பதற்கு முன்னாலேயே சில புற்றுச் செல்கள் ரத்தத்தோடு போய் எலும்பில் தங்கியிருக்கின்றன, இப்போது அங்கே வளர ஆரம்பித்திருக்கின்றன என்றார். இதை அறுத்து எடுக்க முடியாது. முழுக்கப் போக்கவும் முடியாது. அடக்கி வைக்கலாம். அதற்கு ஒரு மாத்திரை வந்திருக்கிறது, டமாக்சிஃபென் என்று பேர்.

அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். மற்ற டாக்டராக இருந்தால் "சாப்பிடுங்க, சரியாயிடும்" என்றிருப்பார். இவர் பொறுமையாகச் சொன்னார்.

"பெண்களோட உடம்பில ஈஸ்ட்ரோஜன்னு ஒரு ஹார்மோன் இருக்கு. அது ரத்தத்தில ஓடி வந்து செல்லுக்குள்ள புகும். செல்லுக்கு நடுவுல நியூக்ளியஸ்னு ஒரு அறை. அங்கிருந்துதான் எல்லா உத்தரவும் போகும். அந்த அறையில ஈஸ்ட்ரோஜனுக்குன்னு ஒரு இருக்கை, ரிசப்டர்னு சொல்றது. அதில வந்து இது உட்கார்ந்ததும், வளரு, ரெண்டாப் பிரின்னு செல்லுக்கு உத்தரவு போயிடும். நல்ல செல்லுக்கு ஒரு அளவு உண்டு. புற்றுச் செல்லுக்கு அளவே இல்லை."

"எனக்குத்தான் தீட்டு நின்னு நாலஞ்சு வருஷம் ஆயிருச்சே. அந்த ஹார்மோன் இன்னுமா இருக்கும்?"

"குறைஞ்சிருக்கும், அத்தனையும் போயிருக்காது. உடம்புக் கொழுப்பில கொஞ்சம் ஊறிக்கிட்டே இருக்கும். இந்த மாத்திரை என்ன செய்யும்னா, அதுக்கு முன்னாடி போய் அந்த இருக்கையில உட்கார்ந்துக்கும்."

"பஸ்ஸுல துண்டு போட்டு எடம் பிடிக்கிற மாதிரியா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அதே தான் கேட்டோ. ஈஸ்ட்ரோஜன் வரும், துண்டு கிடக்கிறதைப் பார்க்கும், இடமில்லைன்னு திரும்பிப் போகும். ஆனா இது பின் சீட்டு இல்லை. டிரைவர் சீட்டு."

எனக்கு விளங்கிவிட்டது. டிரைவர் உட்காராவிட்டால் பஸ் நகராது. ஆனால் அடுத்து அவர் இன்னொன்றும் சொன்னார். எல்லாக் கட்டியிலும் அந்த இருக்கை இருக்காது. இருக்கை இல்லாத செல் ஹார்மோனைக் கேட்காமலே வளரும். அதனிடம் இந்த மாத்திரை செல்லாது. ஊசி மருந்துதான் ஏற்ற வேண்டும், அது உடம்பைப் புரட்டிப்போடும், என் உடம்பு தாங்குமா என்பது சந்தேகம்.

"எனக்கு அந்த எடம் இருக்கா இல்லையா?"

"தெரியாது. அதுக்கு ஒரு சோதனை இருக்கு. கட்டியைப் புதுசா வெட்டி ஐஸில வச்சு பம்பாய்க்கு அனுப்பணும். மூணு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த கட்டிக்கு யாரும் அதைச் செய்யலை. இப்போ எலும்பில இருந்து எடுக்கிறதும் சுலபமில்லை. மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கிறதுதான் வழி. ரெண்டு மூணு மாசத்தில தெரிஞ்சிடும். பேடிக்க வேண்டா."

பயப்பட வேண்டாம் என்று எந்த மொழியில் சொன்னாலும் வருகிற பயம் வரத்தான் செய்கிறது.

மாத்திரையின் விலையை என் வீட்டுக்காரர் இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. கேட்டால், "இந்த வருசம் கடலை நல்ல வெலைக்குப் போச்சு" என்பார். அந்த வருஷம் கடலை என்ன விலைக்குப் போனது என்று கடைக்குப் பின்னாலேயே குடியிருக்கிற எனக்குத் தெரியாதா? தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

திரும்பும்போது மதுரை பஸ் நிலையத்தில் ஒரே கூட்டம். தேனி பஸ் உள்ளே நுழைந்ததும் அவர் வழக்கம்போல ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் தோள் துண்டைப் போட்டார். என்னை மெதுவாக ஏற்றி உட்கார வைத்தார். உசிலம்பட்டி தாண்டியது. ஆண்டிபட்டிக் கணவாயில் காற்று முகத்தில் அடித்தபோது என் பக்கம் திரும்பினார்.

"ஒனக்கு இருக்கும்" என்றார்.

"என்ன இருக்கும்?"

"அந்த சீட்டு."

தன் பெண்டாட்டியின் புற்றுக்கு ஒரு வசதி இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற புருஷனை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு வலித்தது. அவர் துண்டை மடித்து என் முதுகுக்குப் பின்னால் செருகினார்.

என்னைப் பார்த்துக்கொள்ள மதினி வந்தார். மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, அன்னபாக்கியம். தேவாரம் என்கிற ஊரில் பலசரக்குக் கடை. புருஷன் தவறிய பிறகு தானே கல்லாவில் உட்கார்ந்து வியாபாரத்தை நடத்தியவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு, ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினார். வந்த அன்றைக்கே என் அடுப்படியில் டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றினார். மதினிக்கும் எனக்கும் முப்பது வருஷமாகச் சின்னச் சின்ன உரசல் உண்டு. அவர் குழம்பில் புளி தூக்கல் என்பேன் நான். என் நாக்கே தூக்கல் என்பார் அவர். இருந்தும் என் இரண்டு பிரசவத்துக்கும் கூட இருந்தவர் அவர்தான்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே மாத்திரை தொண்டையில் இறங்காது. தண்ணீர் போகும், மாத்திரை நாக்கிலேயே நிற்கும். மதினி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சின்னமனூர்ப் பக்கத்து வாழைப்பழத்தில் ஒரு சிறு துண்டு வெட்டி, கீறி, உள்ளே மாத்திரையை வைத்து மூடி, "கண்ண மூடிக்கிட்டு முழுங்கு தாயி" என்று வாயில் போடுவார். கடிக்காமல் விழுங்கிவிடுவேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

சில நாளில் சூடு ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருப்பேன், நெஞ்சிலிருந்து காதுவரை குபீரென்று கொதிக்கும், வேர்த்துக் கொட்டும், பிறகு குளிரும். ஹார்மோனின் வேலையை மாத்திரை தடுப்பதால் அப்படி வரும் என்று டாக்டரம்மா முன்னமே சொல்லியிருந்தார். மதினியிடம் அதெல்லாம் எடுபடவில்லை. "சூட்டு மாத்திரை" என்று அதற்குப் பேர் வைத்துவிட்டார். இளநீர் வந்தது, மோர் வந்தது, உள்ளங்காலில் விளக்கெண்ணெய் வந்தது.

அடுத்து வந்ததுதான் மோசம். மாத்திரை ஆரம்பித்து இரண்டாவது வாரம் வலி கூடியது. இருந்த வலி ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி ஒரு வலி. இடுப்பு, முதுகு, தொடை எலும்பு எல்லாம் உள்ளேயிருந்து கடைந்தது. ஒருக்களித்துப் படுக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. வாய்விட்டுக் கத்தினேன். கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும், வெட்கம் பார்க்கிற நிலையில் நான் இல்லை. எனக்கு அந்த இருக்கை இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். மாத்திரை தோற்றுவிட்டது, நோய் ஓடுகிறது. என் வீட்டுக்காரர் மதுரைக்கு டிரங்க் கால் போட்டார். டாக்டரம்மா லீவில் ஊருக்குப் போயிருந்தார். போனை எடுத்தவர், குறித்த தேதிக்கு வாருங்கள், அதுவரை மாத்திரையைத் தொடருங்கள் என்று மட்டும் சொன்னார்.

சாகப் பயமா என்று கேட்டால், இருந்தது என்றுதான் சொல்வேன். அதைவிட, இவர் தனியாக எப்படிச் சாப்பிடுவார் என்பது பெரிய கவலையாக இருந்தது. தட்டில் என்ன விழுந்தாலும் நன்றாயிருக்கிறதா இல்லையா என்று சொல்லத் தெரியாத மனுஷர்.

பிறகு மெதுவாக வலி இறங்க ஆரம்பித்தது. முதலில் திரும்பிப் படுக்க முடிந்தது. பிறகு சுவரைப் பிடித்து நின்றேன். சூடுகூடக் குறைந்தது. மாத்திரை வேலை செய்துவிட்டது என்று எங்களுக்கு ஒரே சந்தோஷம். சபைப் பெண்கள் வந்து பாட்டுப் பாடி ஜெபம் பண்ணினார்கள். மதினி மட்டும் அந்தச் சந்தோஷத்தில் கலந்துகொள்ளாமல், ஆனால் முகத்தில் ஒரு வெற்றியோடு, அடுப்படிக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தார்.

ஒரு காலையில் பழத்தை விழுங்கும்போது இருமல் வந்துவிட்டது. தெரியாமல் கடித்துவிட்டேன். வாயெல்லாம் கசந்தது. உள்ளேயிருந்ததைக் கையில் துப்பிப் பார்த்தேன். ஊறி முளைவிட்ட வெந்தயம்.

"மதினி, இதுல என்ன வச்சீக?"

"மாத்திரதான்."

"மாத்திர எப்பருந்து மொளவிட ஆரம்பிச்சுச்சு?"

மதினி என் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு, "வெந்தயம் நல்லதுதான தாயி. குளுமை" என்றார்.

"மாத்திர எங்க?"

போய்த் துணிப்பையைத் திறந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்தார். உள்ளே மாத்திரைகள். "ஒண்ணுகூடத் தூக்கிப் போடல. அம்புட்டும் இருக்கு. எம்புட்டு வெல குடுத்து வாங்குனது" என்றார்.

"ஏன் இப்பிடிச் செஞ்சீக?"

"நீ கெடந்து கத்துனது ஒனக்குத் தெரியாது தாயி, எனக்குத்தான் தெரியும். எந் தம்பி மொளகா மூட்டைக்குப் பின்னால போயி நின்னு அழுதான். கேட்டா நெடின்னு சொல்லுறான். மாத்திர தின்ன பெறகுதான் வலி ஏறுச்சு. நான் நிறுத்துனேன், எறங்கிருச்சு. இதுக்கு மேல எனக்கு என்ன சாச்சி வேணும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை நாள் நோய்க்கு மருந்தே போகவில்லை. நான் குணமாகிறேன் என்று நினைத்ததெல்லாம் வெந்தயத்தை நம்பி. பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டேன். என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத முடியாது. மதினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டார். கசப்புப் போகட்டும் என்று ஒரு துண்டுப் பழம் நீட்டினார். அதையும் தட்டிவிட்டேன்.

விஷயத்தைக் கேட்ட என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, "நாளைக்கு மதுரைக்குப் போறோம். நீயும் வாக்கா. டாக்டர்கிட்ட நீயே சொல்லு" என்றார். அவர் தன் அக்காவிடம் அவ்வளவு கடுமையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா லீவு முடிந்து வந்திருந்தார். மதினி மடியில் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துக்கொண்டு, ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "எனக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க. எந் தம்பி பொண்டாட்டியக் காப்பாத்திருங்க" என்றார்.

டாக்டரம்மா அவரைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், நன்றாகத் திட்ட வேண்டும் என்று ஆசையாகவே இருந்தது. அவரோ மதினியிடம் கேள்வியாகக் கேட்டார். வலி எப்போது ஏறியது? மாத்திரைக்கு எத்தனை நாள் கழித்து? எப்போது நிறுத்தினீர்கள்? உடனே இறங்கியதா, மெதுவாகவா? சூடும் சேர்ந்தே குறைந்ததா? கடைக்காரியான மதினி எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னார். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"இந்த மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு. இருக்கையில உட்கார்ந்ததும் ஆரம்பத்தில கொஞ்ச நாள் அது ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடந்துக்கும். துண்டு போட்ட ஆள், சும்மா இருக்காம, கொஞ்ச தூரம் வண்டியை ஓட்டிப் பார்க்கிறான்னு வச்சுக்கோங்க. அப்போ செல் கொஞ்சம் சிலிர்க்கும், எலும்பு வலி ஏறும். அப்புறம்தான் அடங்கும். எல்லாருக்கும் இது வராது. வந்தவங்களுக்கு அனேகமா மருந்து பிடிக்கும். இருக்கையே இல்லாத செல்லுல மாத்திரை எங்க போய் உட்காரும், எப்படி வலியை ஏத்தும்?"

நான் அவர் மேசையைப் பிடித்துக்கொண்டேன். "அப்ப எனக்கு..."

"இருக்குன்னுதான் தோணுது. கொடுத்தா ஏறுது, நிறுத்தினா இறங்குது. பம்பாய்க்கு அனுப்ப வேண்டிய சோதனையை இந்த அக்கா வீட்டிலேயே வெந்தயத்தை வச்சுச் செஞ்சுட்டாங்க."

பிறகு மதினியின் பக்கம் திரும்பி, குரலை மாற்றிக்கொண்டு சொன்னார். "ஆனா இனி ஒரு நாளும் இதைச் செய்யக்கூடாது. உங்க அன்பு இவங்களைக் கொன்னிருக்கும்."

மதினி தலையை ஆட்டினார். அப்போதுதான் அழுதார். முப்பது வருஷத்தில் என் முன்னால் அவர் அழுதது அதுதான் முதல் தடவை. எனக்குத் திட்டுகிற ஆசை போய்விட்டது.

இந்தத் தடவை வீட்டில் வேண்டாம், ஆஸ்பத்திரியிலேயே இருங்கள் என்றார் டாக்டரம்மா. வலி ஏறும்போது எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து ரத்தத்தில் ஏறிவிடலாம். ஏறினால் தாகம், மயக்கம், புத்தித் தடுமாற்றம், இதயத்துக்கும் ஆபத்து. அதனால் ரத்தத்தை அடிக்கடி சோதித்துப் பார்க்க வேண்டும். மாத்திரை மறுபடியும் ஆரம்பமானது. பழத்துண்டுக்குள் மாத்திரையை வைக்கும் முன் மதினி அதை என் கண்ணுக்கு நேரே காட்டுவார். பக்கத்துக் கட்டில்காரருக்கும் காட்டுவார்.

பிறகு நாங்கள் மூன்று பேரும் வலி வருவதற்காகக் காத்திருந்தோம்.

இப்படி ஒரு காத்திருப்பு யாருக்கும் வாய்த்திருக்காது. வார்டில் மற்ற எல்லாரும் வலி போக ஜெபம் பண்ணினார்கள், வேண்டுதல் வைத்தார்கள். நாங்கள் வரச் சொல்லிக் கேட்டோம். காலையில் கண் விழித்ததும் மதினியின் முகம்தான் முன்னால் நிற்கும். "வலிக்குதா?" பழைய வலிதான் மதினி என்பேன். முகம் வாடிவிடும். என் வீட்டுக்காரர் கடையைச் சாத்திவிட்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பஸ்ஸில் வருவார். டிபன் கேரியரைக் கீழே வைப்பதற்கு முன்னால் மதினியைப் பார்ப்பார். மதினி உதட்டைப் பிதுக்குவார். அவர் எனக்குத் திராட்சையை உரித்துக் கொடுப்பார். கம்பம் பக்கத்துப் பன்னீர்த் திராட்சை, ஒவ்வொன்றாகக் கொட்டை எடுத்து.

ஒரு வாரம் ஓடியது. வலி ஏறவில்லை. முதலில் வந்தது வேறு ஏதோ வலியாக இருக்கும், நமக்கு இருக்கை இல்லை என்று எனக்கு மறுபடி தோன்ற ஆரம்பித்தது. மதினியிடம் சொல்லவில்லை. அவரும் தன் பயத்தை என்னிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காலை, புரண்டு படுக்கப் போனவள் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். தொடை எலும்புக்குள் யாரோ கடைய ஆரம்பித்திருந்தார்கள். பழைய கடைசல், எனக்குத் தெரிந்த கடைசல்.

"மதினி."

"என்ன தாயி, வலிக்குதா?"

"ம்."

"நெசமாவா? அந்த வலியா?"

"அந்த வலிதான்."

"ஸ்தோத்திரம்" என்றார் மதினி, கண்ணை மூடிக்கொண்டு. எனக்குக் கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன், நானும் சிரிக்கிறேன். பக்கத்துக் கட்டில் அம்மாள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

வந்த வலி சும்மா வரவில்லை. ரத்தத்தில் சுண்ணாம்பு ஏறியது. நாக்கு வறண்டு, எவ்வளவு குடித்தாலும் தாகம். ஒரு பிற்பகல் முழுக்க நான் தேனியில் கடையில் இருப்பதாக நினைத்து, மிளகாயைக் காய வையுங்கள் என்று நர்ஸிடம் உத்தரவு போட்டேனாம். சலைன் பாட்டில் மாற்றி மாற்றி ஏற்றினார்கள். மாத்திரையைச் சில நாள் நிறுத்தலாமா என்று டாக்டரம்மா யோசித்தபோது, மதினி அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். "நிறுத்திராதீக டாக்டரம்மா. நான் ஒரு தடவ நிறுத்துனது போதும்." ரத்தச் சோதனையைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்று அவர் சொல்லிவிட்டார். மறுநாள் சோதனையில் கொஞ்சம் இறங்கியிருந்தது. மாத்திரை தொடர்ந்தது.

வலி இருந்தது, இருந்தது, பிறகும் இருந்தது. எப்போது இறங்க ஆரம்பித்தது என்று எனக்கே தெரியாது. ஒரு காலையில் கண் விழித்தேன். ஜன்னலில் வெயில் வந்திருந்தது. நானாகவே ஒருக்களித்துப் படுத்திருந்தேன், யாரும் பிடிக்காமல். மதினி வழக்கம்போல முன்னால் நின்றார்.

"வலிக்குதா?"

இடுப்பை அசைத்துப் பார்த்தேன். காலை மடக்கினேன், நீட்டினேன்.

"இல்ல மதினி."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட இல்ல."

"தாயி, நான் ஒண்ணுஞ் செய்யல" என்றார். "கர்த்தர் அறிய மாத்திரதான் வச்சேன். இந்தா பாரு." தட்டில் எனக்காக வெட்டி வைத்திருந்த பழத்துண்டை எடுத்து, விரலால் பிய்த்து, உள்ளே வெள்ளையாக இருந்த மாத்திரையை என் கண் முன்னால் நீட்டினார். "பாரு. வெந்தயம் இல்ல. பாரு."

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "மருந்து பிடிச்சிருச்சு மதினி" என்றேன். அதைப் புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பிசுபிசுத்த கையை என் கையிலிருந்து எடுக்காமலே இருந்தார்.

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சமீபத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் இடுப்பு எலும்பில் நோய் அரித்த ஓட்டையின் விளிம்பில் புது எலும்பு வெள்ளையாகக் கட்டியிருக்கிறது. கூடத்தில் நாலைந்து பேருக்கு ஜன்னலில் பிடித்துக் காட்டினேன். டாக்டரம்மா என்னிடம் எதையும் மறைப்பதில்லை. செல்கள் ஒரு நாள் துண்டை எடுத்து எறிந்துவிட்டு வண்டியை ஓட்டப் பழகிக்கொள்ளும், எப்போது என்று சொல்ல முடியாது, அன்றைக்கு வேறு வழி பார்ப்போம் என்றார். இப்போது வருகிற நோயாளிகளுக்கெல்லாம் பஸ் துண்டை வைத்துத்தான் அவர் விளக்குகிறாராம். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

மதினி தேவாரத்துக்குத் திரும்பிப் போகவில்லை. குழம்பில் புளி இன்னும் தூக்கல்தான். டாக்டரம்மாவிடம் கேட்டு, உத்தரவு வாங்கிக்கொண்டு, சூட்டுக்கு வெந்தயமும் தருகிறார். தினமும் காலையில் தட்டில் இரண்டு பழத்துண்டு வரும். எது எதில் இருக்கிறது என்று நான் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டையும் விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டுவேன்.

"வலிக்குதா தாயி?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கிறார். இப்போது வலி வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும்.

"இல்ல மதினி."

"ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு மதினி அடுப்படிக்குப் போகிறார்.